வெயிலில் போன ஐப்பசி

நான் டைரி வாங்கியதே இல்லை. ஆம்பூரில் டைரி எழுதுகிற யாரும் கடைக்குப் போய் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தோலுக்குச் சாயமும் ரசாயனமும் விற்கிற கம்பெனிக்காரர்கள் ஆங்கில வருஷம் பிறப்பதற்கு முன்பே தொழிற்சாலை தொழிற்சாலையாக வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். தடித்த ரெக்சின் அட்டை. முதல் பக்கங்களில் அவர்கள் விற்கும் சாயங்களின் நிறங்கள், கடைசிப் பக்கங்களில் எனக்கு இன்றுவரை புரியாத அட்டவணைகள், நடுவில் ஒரு வருஷம். மேனேஜர்கள் பொங்கல் வரைக்கும் அதில் எழுதுவார்கள். அப்புறம் அதன்மேல் டீ டம்ளர் உட்கார்ந்துவிடும். நான் மட்டும் கடைசிப் பக்கம் வரை எழுதிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவேன்.

முதல் டைரியைக் கொடுத்தது அப்பா. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். ஊறவைத்த தோல்கள் சுழலும் பெரிய மர டிரம்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் சும்மா இருந்தேன். ‘சும்மாதான குந்திக்கினு இருக்குற, எதையாவது எழுது’ என்று தூக்கிப் போட்டார். அன்றைக்கு அவர் சொன்னதையே முதல் வரியாக எழுதினேன். அதற்குப் பிறகு எழுதாத நாள் இல்லை. காய்ச்சல் வந்த நாட்களில் ‘காய்ச்சல்’ என்று ஒரு வார்த்தையாவது இருக்கும்.

அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்பவர்களுக்கு ஏதோ காதல் கீதல் இருக்கும் என்று நப்பாசை. எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். தண்ணீர் வந்தது. ஆற்றுப் பக்கத்துக் காற்று, நாற்றம் ஜாஸ்தி. மதியம் கத்திரிக்காய். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இதுதான் என் டைரி. பெரிய விஷயம் தானாகவே ஞாபகம் இருக்கும், அதற்கு எதற்குப் பேனா? சின்ன விஷயத்துக்குத்தான் ஆள் இல்லை.

இரண்டு பழக்கங்களை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். யாராவது ஏதாவது சொன்னால் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். என் வேலை அப்படி. ஷூ கம்பெனியில் செக்கிங் மேசை எனக்கு. தையல் பிசகியிருந்தால் பிசகு என்றுதான் அட்டையில் எழுத வேண்டும், ‘சுமார்’ என்று எழுதினால் திட்டு விழும். இன்னொன்று, எழுதியதைத் திரும்பப் படிக்க மாட்டேன். எழுதி மூடியதும் அந்த நாளை இறக்கிவைத்தாகிவிட்டது. இதில் ஒரு கெடுதல் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. எழுதிவிட்டேன் என்ற தைரியத்தில் மனது அதை வைத்துக்கொள்வதே இல்லை. போன வாரம் என்ன குழம்பு என்று கேட்டால் மற்றவர்களாவது யோசித்துச் சொல்வார்கள், நான் முழிப்பேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை, வந்த மாப்பிள்ளைகளை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும்தான் வீட்டில். தங்கையை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை.

அப்பா வேலையிலிருந்து நின்ற பிறகு வீட்டில் சத்தம் கூடிவிட்டது. டிரம் ஓடுகிற இடத்தில் இருந்தவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. உப்புக் கேட்டாலும் தெருமுனை வரை கேட்கும். அம்மாவும் சளைத்தவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அவள் டிவியில் ஒரு சீரியல் பார்ப்பாள், அந்த நேரம் பார்த்து அவருக்கு நியூஸ் பார்க்க வேண்டும். ரிமோட்டுக்காக தினமும் ஒரு பஞ்சாயத்து. அவர்கள் இரண்டு பேரும் அன்பாகப் பேசிக்கொண்டு நான் பார்த்ததாக எந்த டைரியிலும் இருக்காது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்ததாகவும் இருக்காது.

தங்கையின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. இரண்டாவதற்கு அவளால் வர முடியவில்லை, பெரியவனுக்கு ஸ்கூல். அதனால் அம்மா அரக்கோணம் போனாள். போன இடத்தில் பேத்தி பிறந்தாள். குழந்தை கொஞ்சம் எடை கம்மி, அம்மா அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வாள். அப்பாவிடம் கொடுக்கவா என்று கேட்பேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே ‘நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடு’ என்று கத்துவார். அது போனிலேயே அம்மாவுக்குக் கேட்கும். வாங்கிப் பேச மட்டும் மாட்டார். அவருக்குப் போனில் பேசினால் கூச்சம். பெண்டாட்டியிடம் போனில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கம்பெனியில் இருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா ரயில் ஏறி வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவிடம் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நீ பக்கத்தில் இல்லையே என்று வருத்தப்படாதே, அவருக்கு வலி கிலி ஒன்றும் இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு இருந்தாள். எல்லோரும் போன பிறகு ஒரு நாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டாள்.

“நான் இல்லாதப்ப என்னைத் தேடினாராம்மா?”

எனக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் தேடி, இவள் இல்லாமல் போன குற்ற உணர்ச்சி இவளைத் தின்கிறது. அதை வளரவிடக் கூடாது.

“இல்லம்மா. தேடவே இல்ல. நல்லா சாப்ட்டாரு, டிவி பார்த்தாரு, தூங்கினாரு. உன்ன நெனச்சு ஏங்கிப் போயெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ மனச வுட்டுடாத.”

“ஓ” என்றாள்.

பிறகும் அவ்வப்போது கேட்டாள். அரிசி களைந்துகொண்டே கேட்பாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் பலமாக மறுத்தேன். பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. அந்த நாட்களை எத்தனை யோசித்தாலும் எனக்கு அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் ஞாபகம் வந்தது. அவர் அம்மாவை நினைத்துக் கண் கலங்கியதாக ஒரு காட்சியும் இல்லை. கத்தியிருப்பார். அவர் கத்துவதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? எங்கள் வீட்டில் அது மின்விசிறிச் சத்தம் மாதிரி.

“உன் டைரில பாரேன்” என்பாள் அம்மா.

“பாக்கறேம்மா” என்பேன். பார்க்கவில்லை. அவர் செத்த மாதத்தைத் திறக்க எனக்கு மனது வரவில்லை. டைரிகள் எல்லாம் அப்பாவின் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியில் இருந்தன. அந்த வருஷத்து டைரியை மேலாக வைத்து மூடியவள்தான், திறக்கவே இல்லை.

கோடையில் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். இருக்கிற சாமானை எல்லாம் மொட்டை மாடியில் ஏற்றிவைத்தார்கள். பெட்டியும் போனது. கத்திரி வெயில் நேரம். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிப்பாகப் பேசுவார்கள், எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. வெள்ளை அடித்து, காய்ந்து, பெட்டி கீழே இறங்கிய அன்று, அதன் மூடியை நான் துணி வைத்துப் பிடித்துத்தான் திறந்தேன்.

“அந்த வருஷத்தத எடேன்” என்றாள் அம்மா. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இனித் தட்டிக்கழிக்க முடியாது என்று எடுத்தேன்.

தை மாதம் இருந்தது. சித்திரை இருந்தது. ஆவணி வரை என் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. புரட்டாசி நடுவிலிருந்து ஒன்றும் இல்லை. அச்சடித்த தேதியும் கீழே கம்பெனிக்காரன் போட்டிருந்த ஆங்கிலப் பொன்மொழியும் மட்டும் இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஐப்பசி முழுக்க வெறும் தாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், அழுத்தி எழுதிய தடம்கூட இல்லை. வழுக்கிக்கொண்டு எழுதுகிற பேனாவாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. வேறு ஊரில் இருக்கும் ஒருத்திக்கு விளங்கியிருக்காது, அவளுக்கு இப்படி நடந்தும் இருக்காது. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். வெட்டிய தோல் துண்டுகளில் எங்கே தைக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். தைக்கிற பெண்ணுக்குக் கோடு தெரிய வேண்டும், வாங்குகிறவனுக்குத் தெரியக் கூடாது. அதற்காகச் சூடு பட்டால் மறைந்துபோகிற ரீஃபில் போட்ட பேனாக்கள் வரும். தைத்து முடித்து வந்ததும் வெந்நீராவி போலச் சுடுகாற்று ஊதுகிற மெஷினில் காட்டினால் கோடு காணாமல் போய்விடும். கோடு முழுதாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பதே என் மேசையின் வேலை. கருந்தோலுக்கு வெள்ளி நிறம், வெளிர் தோலுக்கு நீலம். அந்த நீலம் பார்க்க அசல் நீலப் பேனா மாதிரியே இருக்கும். வேலை முடிந்து வரும்போது பையில் ஒன்று இரண்டு கூடவே வந்துவிடும். சாயங்காலம் டீ குடித்துவிட்டு டைரியை எடுக்கும்போது கையில் தட்டுப்பட்டதில் எழுதுவேன், அந்தப் புரட்டாசியிலிருந்து தட்டுப்பட்டது இதுதான். நாள் முழுக்க அந்த நீலத்தை அழித்துக்கொண்டிருக்கிற நான், அதே நீலத்தில் என் நாளை எழுதிவைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சொன்னேன். நம்பவில்லை. “பேனாவுல எழுதினது வெயில்ல போய்டுமா?” என்றாள். பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் ‘அம்மா’ என்று எழுதி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லுக்கு மேலே காட்டினேன். எழுத்து போய்விட்டது. அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப அவரு பேசினதெல்லாம் போச்சா?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ உப்புப் பெறாத நாட்கள் பத்திரமாக இருக்கின்றன. பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அப்பாவின் கடைசி நாட்கள் மட்டும் போய்விட்டன. அழுகை வந்தது, அம்மா முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டு மறுபடியும் பழைய பாட்டையே பாடினேன்.

“அதுல ஒண்ணும் இருக்காதும்மா. உன்ன தேடியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா? நிம்மதியாத்தான் இருந்தாரு.”

அதற்குப் பிறகு அம்மா கேட்கவே இல்லை. ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சீரியல் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ரிமோட் டிவிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தங்கை தன் குழந்தையைப் போனில் காட்டினால் சிரிப்பாள், சீக்கிரமே என்னிடம் கொடுத்துவிடுவாள். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போனதால்தானே என்று அவளுக்குள் ஓடுவதாக நான் ஒரு கணக்குப் போட்டேன். என் கணக்கு எனக்கு மிகவும் சரியாகவே தெரிந்தது.

வருஷத் திதிக்குப் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் இருந்தது. அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே, “புடிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசியில இன்னா நெனப்புல இருந்தாருன்னுதான் தெரியல” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் கற்பூரத்தைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

தை பிறந்ததும் கம்பெனியில் ஒரு கலவரம். மேனேஜர் எங்கள் செக்‌ஷன் மொத்தத்தையும் நிற்கவைத்தார். கையில் ஒரு ஜோடி லேடீஸ் ஷூ, வெளிர் சந்தன நிறம். நாங்கள் அனுப்பியதுதான். வெளிநாட்டில், பனி கொட்டுகிற ஊரில், கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதன்மேல் நீலக் கோடுகள் வந்துவிட்டனவாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தையலுக்கு ஓரமாக நாங்கள் போட்ட கோடு, அம்புக்குறி, எல்லாம் அப்படியே இருந்தன.

“இதெல்லாம் இன்னா? செக் பண்ணித்தான அனுப்பினீங்க?”

சாம்பிள் ரூம் மாஸ்டர் மெல்ல வாயைத் திறந்தார். “சூட்டுல போறது, ரொம்பக் குளிர்ல வச்சா வந்துடும் சார். அந்த மையோட கொணம் அது. மறையுதே தவிர அழியறது இல்ல.”

“அத வாங்கறப்பவே சொல்றதுக்கின்னா?” என்று அவருக்கும் விழுந்தது.

எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என் முழங்கையில் இடித்தார். அவர் உருது பேசுகிற வீட்டுப் பெண், என்னைவிட மூத்தவர். செக்‌ஷனில் நாங்கள் எல்லோருமே அவரை ஆபா என்போம், அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான்.

“இன்னாமா, கம்பெனியே பேஜார்ல இருக்குது, நீ சிரிக்கிற?”

“ஆபா, எங்கப்பா திரும்பி வரப்போறாரு” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மேனேஜரை விட்டுவிட்டு என்னைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முழுதும் சொன்னேன்.

முதலில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே, ஐஸ் பிடிக்கிற மேல் அறையில், டைரியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. வரவில்லை என்றால் அவள் இன்னொரு தடவை இழக்க வேண்டியிருக்கும். எங்கள் ஃபிரிட்ஜ் பாலைக் கெடாமல் வைத்துக்கொண்டாலே பெரிய விஷயம். காலையில் எடுத்தால் டைரி சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆபாவிடம் சொன்னேன். “இதுக்கா மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு இருக்குற? என் தம்பிகிட்ட குடு” என்றார். அவர் தம்பிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. அங்கே இருக்கிற ஐஸ் பெட்டியில் கையை விட்டால் விரல் மரத்துப்போகும். டைரியை இரண்டு கவர் போட்டுக் கட்டி, குல்ஃபிக்கு அடியில் வைத்தாராம். இது இன்னா என்று கேட்ட வாடிக்கையாளரிடம் புது ஃபிளேவர் என்று சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து ஆபா காலை பஸ்ஸில் ஏறும்போதே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். என் மடியில் வைத்தார்.

“நான் படிக்கல மா. உங்க வூட்டு விஷயம். வந்திருக்குதுன்னு மட்டும் பார்த்தேன்.”

கவரைப் பிரித்தேன். ஈரம் தாளில் படாமல் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திறந்தேன். என் எழுத்து வந்திருந்தது. முன்னைவிட வெளிறிய நீலம், சில வரிகள் தேய்ந்திருந்தன. ஆனால் வாசிக்க முடிந்தது. பஸ்ஸில் நான் அழுதேன். ஆபா ஜன்னலைச் சாத்திவிட்டு எனக்கு மறைப்பாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

டீ நேரத்தில் ஐப்பசியைப் படித்தேன். படித்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. நான் சொன்னது எல்லாம் தவறு. அப்பா தேடியிருக்கிறார். சும்மா தேடவில்லை, அம்மாவைத் திட்டித் தீர்த்திருக்கிறார். இதை எப்படி அவளிடம் படிப்பது? இத்தனை நாள் ஆறிக்கொண்டு வந்த புண்ணை நானே குத்திக் கிளறுவதா? கொஞ்சம் விட்டு விட்டுப் படித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். எப்படி வந்தது, எங்கே வைத்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. “படி” என்றாள்.

அவள் ரயில் ஏறிய நாளிலிருந்து தொடங்கினேன். ‘அம்மா அரக்கோணம் போனாள். அப்பா ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து காபிப்பொடி எங்கே என்று கேட்டார். நானும் தேடினேன். கடைசியில் சர்க்கரை டப்பாவில் இருந்தது.’ அம்மா ம் என்றாள். ‘மழை. அம்மாவின் புடவையை அப்பாவே மாடியிலிருந்து எடுத்துவந்து மடித்தார். மடிப்பு சரியில்லை, நான் மறுபடி மடித்தேன்.’ அதற்கும் ம். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை. பக்கத்தைத் திருப்பி, ஒன்றைத் தாண்டி, அடுத்ததை ஆரம்பித்தேன். “புதன்கிழமை. தண்ணீர் வரவில்லை...”

“திங்கக்கிழமைக்கு அப்புறம் புதன்கிழமையா?”

“செவ்வாய்க்கிழமைல ஒண்ணும் இல்லம்மா.”

“நீயா? ஒரு நாள்ல ஒண்ணும் எழுதாம வுட்டியா?”

மாட்டிக்கொண்டேன். அவளுக்கு என்னைத் தெரியாதா என்ன. பழைய பக்கத்துக்குத் திரும்பி, தலை நிமிராமல் படித்தேன்.

‘செவ்வாய். ரசம் வாயில் வைக்க முடியவில்லை என்று அப்பா தட்டைத் தள்ளினார். “உங்கம்மா எப்ப வர்றாளாம்?” என்றார். போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். “நான் எதுக்குக் கேக்கணும்? பேத்தியக் கொஞ்சிக்கினு அங்கயே குந்திக்கட்டும். இங்க ஒருத்தன் கஞ்சி குடிச்சானா இல்லயான்னு நெனப்பு இருக்குதா அவளுக்கு? வீடா இது, சத்திரம் மாதிரி கெடக்குது. வரட்டும், வச்சிக்கிறேன்” என்று கத்தினார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அப்பளம் பொரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.’

முடித்தேன். அம்மா அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அழவும் செய்தாள். ஆனால் அப்படி மலர்ந்த முகத்தை நான் பந்தல் போட்ட நாளிலிருந்து பார்த்ததில்லை.

“கத்தினாரா?”

“கத்தினாரும்மா.”

“ஜாஸ்தியா?”

“பக்கத்து வூட்டம்மா வந்து பார்க்கற அளவுக்கு.”

“அப்ப தேடியிருக்காரு” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நீ ஏன்டி தேடல தேடலன்னே சொல்லிக்கினு இருந்த? ஒரு வார்த்த போன்ல பேசலயே, நான் இல்லாம அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு போலன்னு இத்தன நாளா நான் செத்துக்கினு இருக்கேன்.”

அவர் தேடியிருப்பாரோ என்று அவள் பயப்படவில்லை. தேடாமலே போய்விட்டாரோ என்றுதான் பயந்திருக்கிறாள். அது நடந்தே விட்டது என்று நான்தான் வாரத்துக்கு ஒரு தடவை உறுதி செய்துகொண்டிருந்தேன், ஆறுதல் என்ற பெயரில்.

“இன்னும் இருக்குதா?” என்றாள்.

இருந்தது. ஒன்றையும் தாண்டாமல் படித்தேன். மறுநாள் அவர் மறுபடி எப்போது வருகிறாள் என்று கேட்டிருந்தார், மறுபடி போன் பேச மறுத்திருந்தார். வியாழக்கிழமை நியூஸ் போடவில்லை, அம்மாவின் சீரியலை உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருந்தார். நான் ஏன் என்று கேட்டதற்கு, ‘அவ வந்தா கத கேப்பா இல்ல?’ என்றிருந்தார். அந்த மாமியார்க்காரிக்கு ஏன் இன்னும் ஜெயில் தண்டனை கிடைக்கவில்லை என்று என்னிடம் கோபப்பட்டிருந்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் பேரைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு செவ்வாய்க்கிழமையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அடுத்த கோடைக்குள் இதையெல்லாம் நல்ல பேனாவில் பிரதி எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். பெட்டியில் இருந்தால் மறுபடி போய்விடும். அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்ப் பெட்டிக் கடையில் பால்பாயின்ட் பேனா வாங்கி வந்துவிட்டாள். வரும் வழியிலேயே உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்திருக்கிறாள், கை முழுக்க மை. நான் புது நோட்டை எடுத்து, புரட்டாசி நடுவிலிருந்து வரிசையாக எழுதலாம் என்று தேதியைப் போட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டின்மேல் கை வைத்தாள்.

“அதெல்லாம் அப்புறமா எழுதிக்கலாம். மொதல்ல அந்தக் கத்தினத எழுது. ஒரு வார்த்த வுடாத.”